தன் ஊரின் தீண்டாமையையும் எழுதியவர்

நாம் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாவல் என்று கணக்கு. பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒன்றைப் படிக்க வேண்டும், படித்ததைப் பற்றி எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. அப்படி ஒரு மாதம் 'சிதைவுகள்' நாவலைக் கொடுத்தோம். நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி எழுதியது. ஈழத்து எழுத்தாளர் என்.கே.மகாலிங்கம் தமிழாக்கியது.

படித்துவிட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் அதன் நாயகன், மல்யுத்த வீரன் ஒக்கொங்வோவைப் பற்றியே பேசினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து கேட்டார்: "தோழர், சர்ச்சுக்குள்ள ரெண்டு பேரு வர்றாங்களே, அவங்க யாரு? அவங்க பக்கத்துல உட்கார ஏன் யாருக்கும் மனசு வரல?"

நாவலைப் பற்றி உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் தெருவில் இருந்து படிக்க வந்த ஒரு பெண்ணுக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த இருவர்தான். அவருக்கு அன்று சொன்ன பதிலை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம்.

உபதேசியார் வீட்டுப் பிள்ளை

ஆச்சிபி 1930 நவம்பர் 16 அன்று பிறந்தார். நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ மக்கள் வாழும் பகுதியில் உள்ள ஒகிடி அவர் வளர்ந்த ஊர். தந்தை ஐசையா ஆச்சிபி, சி.எம்.எஸ். மிஷனில் உபதேசியார். நம் திருநெல்வேலிச் சீமையில் சபைகளையும் பள்ளிக்கூடங்களையும் நடத்திய அதே மிஷன்தான். பிள்ளைக்கு ஆல்பர்ட் என்று ஞானஸ்நானப் பெயர் வைத்தார்கள். அது விக்டோரியா மகாராணியின் கணவர் பெயர். கல்லூரிக் காலத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சினுவாலுமோகு என்ற தம் இக்போப் பெயரைச் சுருக்கி சினுவா என்று வைத்துக்கொண்டார்.

1948இல் உதவித்தொகையோடு இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். ஓராண்டில் மனம் இலக்கியத்துக்குத் திரும்பியது. பாடத்தை மாற்றிக்கொண்டதும் உதவித்தொகை போயிற்று. விடுமுறைக்கு ஊருக்கு வருவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அண்ணன் ஒருவர் தம்பியின் படிப்புக்குக் கொடுத்தார். வீட்டில் ஒருவர் தம் செலவைக் குறைத்துக்கொண்டு இன்னொருவரைப் படிக்க வைப்பது நமக்குப் புதிய கதையில்லை.

அந்தக் கல்லூரியில் நைஜீரியாவைப் பற்றிய ஓர் ஆங்கில நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். ஜாய்ஸ் கேரி எழுதிய 'மிஸ்டர் ஜான்சன்'. எழுதியவர் நைஜீரியாவில் அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர். அதில் வரும் கறுப்பு எழுத்தர் கோமாளியாக இருந்தார். வெள்ளை எசமானுக்கு விசுவாசியாக இருந்தார். வெளிநாட்டு விமர்சகர்கள் கொண்டாடிய அந்த நாவலை வகுப்பில் இருந்த நைஜீரிய மாணவர்கள் ஏற்கவில்லை. நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதினால் இப்படித்தான் இருக்கும், நம் கதையை நாம்தான் எழுத வேண்டும் என்ற எண்ணம் ஆச்சிபிக்கு அங்கேதான் உறுதிப்பட்டது.

படிப்பு முடிந்து 1954இல் நைஜீரிய வானொலியில் வேலைக்குச் சேர்ந்தார். இரவுகளில் நாவல் எழுதினார். கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான். அதைத் தட்டச்சு செய்து தர லண்டனில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு 22 பவுண்டுடன் அனுப்பினார். மாதக்கணக்கில் பதில் இல்லை. விடுமுறையில் லண்டன் போன வானொலி நிலைய மேலதிகாரி ஏஞ்சலா பீட்டி நேரில் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் தட்டச்சுப் பிரதி வந்தது. அந்தக் கட்டு தொலைந்துபோயிருந்தால் ஆப்பிரிக்க இலக்கியத்தின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

1958இல் ஹைனமன் நிறுவனம் 2,000 பிரதிகள் அச்சிட்டது. இன்று வரை 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, 50க்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த நாவல் வாசிக்கப்படுகிறது. அப்போது ஆச்சிபிக்கு வயது 27.

ஓசு என்பவர் யார்?

நாவலின் களம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ள இக்போக் கிராமங்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பு அங்கே சட்டம் இருந்தது, பஞ்சாயத்து இருந்தது, திருவிழா இருந்தது, பழமொழி நிறைந்த பேச்சு இருந்தது என்று காட்டுவதுதான் ஆச்சிபியின் நோக்கம். ஆப்பிரிக்கர்களுக்கு வரலாறே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்த உலகத்துக்கு அவர் கொடுத்த பதில் அது. இத்தனை பெருமைகளையும் எழுதிய அதே கை, அந்த ஊரின் அநீதிகளையும் எழுதியது.

இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் அது தீட்டு. பானையில் வைத்துக் காட்டில் எறிந்துவிடுவார்கள். சிலவகை நோய் கண்டு சாகிறவர்களுக்கு ஊர் மண்ணில் இடமில்லை. அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுவதற்கென்றே 'தீய காடு' என்று ஓர் இடம் இருந்தது. ஒக்கொங்வோவின் தந்தையையே அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள்.

இவற்றோடு ஓசு முறையும் இருந்தது. ஓசு என்றால் ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர். நேர்ந்துவிட்டதோடு முடிவதில்லை; அவர் பிள்ளையும் ஓசு, பேரனும் ஓசு. மற்றவர்கள் சுதந்திரர்கள். ஓசு சுதந்திரர் வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ முடியாது. கோயிலை ஒட்டி ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் குடியிருக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் கலந்துகொள்ள முடியாது. ஊர் வழங்கும் பட்டங்கள் எதையும் பெற முடியாது. தலையில் கத்தி படக்கூடாது. சடை பிடித்த அழுக்குத் தலைமுடியே அவர்களுக்கு அடையாளம். செத்தால் ஊர் இடுகாடு கிடையாது, தீய காடுதான்.

நம் நாட்டுச் சாதியும் ஓசு முறையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அண்ணல் அம்பேத்கர் விளக்கிய படிநிலை ஏணி இல்லை. மேலே ஒருவர், அதற்கு மேல் இன்னொருவர் என்ற நூற்றுக்கணக்கான படிகள் இல்லை. பரம்பரைத் தொழிலும் இல்லை. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பிறப்பால் ஒதுக்குவது, திருமணத்தில் தடுப்பது, குடியிருப்பைப் பிரிப்பது, சுடுகாட்டைப் பிரிப்பது என்ற நான்கும் நமக்குத் தெரிந்தவைதான். படிப்பகத்து மாணவிக்கு அந்தப் பக்கம் உடனே கண்ணில் பட்டதற்குக் காரணமும் அதுதான்.

காட்டில் எழுந்த சபை

எம்பாண்டா என்ற ஊருக்கு மிஷன்காரர்கள் வந்து சபை கட்ட இடம் கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் யோசித்துத் தீய காட்டில் இடம் கொடுக்கிறார்கள். நாலு நாளில் எல்லோரும் செத்துவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் யாரும் சாகவில்லை. ஊர் விதித்த கெடுவெல்லாம் கடந்த பிறகும் சபை நிற்கிறது.

அந்தச் சபைக்கு முதலில் போனவர்கள் யார் என்று ஆச்சிபி கவனமாகச் சொல்கிறார். ஊரில் மதிப்பில்லாதவர்கள் போகிறார்கள். பெற்ற இரட்டைக் குழந்தைகளை நான்கு முறை காட்டுக்குப் பறிகொடுத்த ஒரு கர்ப்பிணிப் பெண் போகிறாள். ஒக்கொங்வோவின் மூத்த மகன் நுவோயேவும் போகிறான். தன்னோடு அண்ணன்போல் வளர்ந்த ஒரு சிறுவனை ஊர் வெட்டிக் கொன்றதும், காட்டில் கேட்ட குழந்தைகளின் அழுகையும் அவன் மனதில் ஆறாத கேள்வியாகக் கிடந்தன.

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு ஓசுக்கள் சபைக்குள் நுழைகிறார்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களே அவர்களைக் கண்டு விலகி உட்காருகிறார்கள். இவர்களைச் சேர்த்தால் ஊர் நம்மை என்ன சொல்லும் என்கிறார்கள். சபையை நடத்திய கியாகா என்ற இக்போக்காரர் அசையவில்லை. கடவுள் முன் அடிமையும் இல்லை, சுதந்திரரும் இல்லை என்று நிற்கிறார். ஓசுக்களிடமும் ஒரு நிபந்தனை வைக்கிறார்: அந்தச் சடையை மழிக்க வேண்டும். மழித்தால் செத்துப்போவோம் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். பிறகு துணிந்து மழித்துக்கொள்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதைப் பார்த்து அந்த ஊர் ஓசுக்கள் ஏறக்குறைய எல்லோரும் சபைக்கு வந்து சேர்கிறார்கள்.

நாவலின் தலைப்பு எல்லாம் சிதைந்துபோவதைச் சொல்கிறது. யாருக்குச் சிதைந்தது என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒக்கொங்வோவுக்குச் சிதைந்தது உண்மை. அவன் துக்கமும் உண்மை. தலைமயிரை மழித்துக்கொண்டு வெயிலில் வந்து நின்ற அந்த இரண்டு பேருக்கோ அது ஒரு விலங்கு உடைந்த நாள். இரண்டையும் ஒரே நாவலில் நம் முன் வைத்தார் ஆச்சிபி.

வெள்ளைக்காரர்களை அவர் மன்னித்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சபைக்குப் பின்னாலேயே கோர்ட்டு வருகிறது, சிறை வருகிறது, ஊர்ப் பெரியவர்களை ஏமாற்றி அழைத்து விலங்கிட்டு அடிக்கும் ஏவலர்கள் வருகிறார்கள். அவமானம் தாங்காத ஒக்கொங்வோ ஓர் ஏவலரை வெட்டிவிட்டுத் தூக்கில் தொங்குகிறான். தற்கொலை செய்தவன் உடலை அவன் குலத்தார் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வெளியாட்கள்தான் இறக்க வேண்டும், வெளியாட்கள்தான் புதைக்க வேண்டும். ஊரின் மானத்துக்காக நின்றவன், சுத்தத்தையும் தீட்டையும் நம்பியவன், கடைசியில் தன் சனங்களுக்கே தீண்டத்தகாதவன் ஆகிறான். ஒதுக்கும் பழக்கம் உள்ள ஊர் யாரை வேண்டுமானாலும் ஒருநாள் ஒதுக்கும் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

பேரன் காதலித்த பெண்

ஆச்சிபி அதோடு விடவில்லை. 1960இல், நைஜீரியா விடுதலை பெற்ற ஆண்டில், அவருடைய இரண்டாவது நாவல் 'நோ லாங்கர் அட் ஈஸ்' வெளிவந்தது. முதல் நாவலில் சபையில் சேர்ந்த நுவோயே இதில் ஐசக் என்ற பெயரோடு ஓய்வுபெற்ற உபதேசியார். அவர் மகன் ஒபி. ஊர்ச் சங்கம் 800 பவுண்டு திரட்டிக் கடனாகக் கொடுத்து அவனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புகிறது. திரும்பி வந்து லாகோஸ் நகரில் அரசு உத்தியோகத்தில் அமர்கிறான். கிளாரா என்ற நர்சைக் காதலிக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவள் அழுகிறாள். தான் ஒரு ஓசு என்கிறாள்.

படித்த ஒபிக்கு அது பெரிதாகப் படவில்லை. பைபிளைக் கரைத்துக் குடித்த தன் அப்பா மறுக்க மாட்டார் என்று நம்பிக்கையோடு ஊருக்குப் போகிறான். அப்பா மறுக்கிறார். ஓசு என்பது நம் சனங்கள் மனதில் தொழுநோய் மாதிரி, உன் பிள்ளைகளுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்கிறார். தான் உயிரோடு இருக்கும்போது அவளைக் கட்டினால் செத்துப்போவேன் என்கிறார் அம்மா. ஊர்ச் சங்கத்துத் தலைவரும் கண்டிக்கிறார். லாகோசில் வேலை பார்க்கும் நண்பனுக்கும் அது பிடிக்கவில்லை. கடைசியில் கருவைக் கலைத்துக்கொண்டு, உடலும் மனமும் நொந்து, கிளாரா அவனை விட்டு விலகிப் போகிறாள். ஒபியும் லஞ்ச வழக்கில் சிக்கி நீதிமன்றத்தில் நிற்கிறான்.

ஒதுக்கப்பட்டவர்களின் அழுகை கேட்டுத் தன் தகப்பனையே விட்டு வெளியேறியவர்தான் நுவோயே. அதே மனிதர் கிழவரான பிறகு ஓசு மருமகள் வேண்டாம் என்கிறார். சபையின் வாசல் திறந்தது, வீட்டின் வாசல் திறக்கவில்லை. மதம் மாறியது, ஊர் மாறியது, வேலை மாறியது, உடுப்பு மாறியது. பெண் பார்க்கும்போது மட்டும் எதுவும் மாறவில்லை. அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் சொன்னதை அறிந்தவர்களுக்கு இந்த நாவல் எளிதில் விளங்கும்.

இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஓசு முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது 1956இல். நம் நாட்டில் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது 1955இல். ஓராண்டுதான் இடைவெளி. ஓசு முறையைச் சட்டம் ஒழித்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகுதான் ஆச்சிபி கிளாராவின் கதையை வெளியிட்டார். சட்டம் தேவை, சட்டம் நுழையாத வீடுகளும் இருக்கின்றன என்று அந்தக் கதை சொல்கிறது. இன்றைக்கும் இக்போப் பகுதியில் கல்யாணத்துக்கு முன்பு குடும்பத்தைப் பற்றி ரகசியமாக விசாரிக்கும் வழக்கம் ஒழியவில்லை.

விருதை மறுத்தவர், வழி விட்டவர்

ஆச்சிபி தாம் மட்டும் எழுதி முன்னுக்கு வந்தவர் அல்லர். 1962இல் ஹைனமன் தொடங்கிய 'ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை'க்கு முதல் பதிப்பாசிரியராகப் பத்தாண்டுகள் ஊதியம் வாங்காமல் உழைத்தார். அதே ஆண்டு உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில் ஒரு மாணவர் தயங்கித் தயங்கித் தம் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தார். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் உலகம் அறிந்த கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ. பிற்காலத்தில் கூகி ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழியான கிக்கூயூவுக்குத் திரும்பினார். ஆச்சிபியோ ஆங்கிலத்தையே இக்போ பழமொழிகளுக்கு வளைத்து எழுதினார். இருவருக்கும் இதில் கருத்து வேறுபாடு இருந்தது; மரியாதை குறையவில்லை.

1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் இக்போ மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். பெரும்பாலும் பட்டினிச் சாவு. நெருங்கிய நண்பரான கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போவை அந்தப் போரில் பறிகொடுத்தார் ஆச்சிபி. 1975இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மேடையில் நின்று, ஆங்கில இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற ஜோசப் கான்ராடின் எழுத்தில் உள்ள இனவெறியைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டினார். 1990இல் ஒரு கார் விபத்து அவரை இடுப்புக்குக் கீழே செயலிழக்கச் செய்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அமெரிக்காவில் பாடம் நடத்தினார், எழுதினார். 2004இல் நைஜீரிய அரசு அறிவித்த உயர் விருதை, சொந்த மாநிலத்தில் நடக்கும் அராஜகத்தைச் சுட்டிக்காட்டி மறுத்தார். 2011இல் மறுபடியும் கொடுத்தார்கள்; மறுபடியும் மறுத்தார். 2007இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்றார். சிறையில் இருந்தபோது அவர் புத்தகங்களைப் படித்த நெல்சன் மண்டேலா, அவர் துணையிருந்தால் சிறைச் சுவர்கள் விழுந்துவிடும் என்ற பொருளில் பாராட்டினார். 2013 மார்ச் 21 அன்று பாஸ்டன் நகரில் காலமானார். மே மாதம் ஒகிடி மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

மிச்சம் இருக்கும் கதை

சிங்கங்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதாத வரை வேட்டைக் கதைகள் வேட்டைக்காரனைத்தான் புகழும் என்ற ஆப்பிரிக்கப் பழமொழியை ஆச்சிபி அடிக்கடி எடுத்துச் சொல்வார். அவர் வாழ்க்கையின் சாரமே அதுதான்.

அந்தப் பழமொழியை அவர் நாவல்களிடமே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஆச்சிபி ஓசு குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். எம்பாண்டா சபைக்கு வந்த அந்த இருவரின் மனதுக்குள் நாம் நுழைவதில்லை. வெளியில் நின்றுதான் பார்க்கிறோம். கிளாராவின் துயரத்தையும் ஒபியின் கண் வழியாகவே பார்க்கிறோம். அவள் போன பிறகு எங்கே போனாள், எப்படிப் பிழைத்தாள் என்று நமக்குத் தெரியாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சுதந்திரர் வீட்டில் பிறந்த ஒருவர், தம் சனங்களின் பெருமையை உலகுக்குச் சொல்ல வந்த நேரத்தில், 'இதை ஏன் எழுத வேண்டும், வெள்ளைக்காரன் சிரிப்பானே' என்று மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. அதற்காக அவரை வணங்குகிறோம். ஆனால் அந்த இருவரின் கதையை, கிளாராவின் கதையை, அவர்கள் வீட்டுப் பிள்ளைதான் முழுமையாக எழுத முடியும்.

தமிழ்ப் பெருமை பேசும் மேடைகளுக்கு ஆச்சிபியிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஊரின் பெருமையைப் பேசலாம். சேரியை மறைத்துவிட்டுப் பேசினால் அது பாதி ஊரின் பெருமைதான்.

நமக்கும் பாடம் உண்டு. ஒதுக்கப்பட்ட நமக்குள்ளேயே உட்சாதி பார்த்துப் பெண் கொடுக்க மறுக்கிறோமா? நம்மைவிடக் கீழே என்று யாரையாவது வைத்திருக்கிறோமா? மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, மகன் ஒரு பெண்ணைக் கூட்டி வந்து நிறுத்தும்போது ஐசக் உபதேசியாராக மாறிவிடுகிறோமா? படிப்பகத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. நாமும்தான்.

அன்று கேள்வி கேட்ட மாணவி புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சபைக்கு வந்த அந்த இருவரில் ஒருவருக்குப் பெயர் வைத்துத் தாமே ஒரு கதை எழுதிப் பார்க்கப் போகிறாராம். வைத்துக்கொள்ளச் சொன்னோம்.